பூவராகவனுக்கு விழுந்த சீட்டு

சரவெடி வெடித்தபோது டாக்டர் முரளீதரன் ஒரு பெரியவரின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கட்டிலிலிருந்து ஒரு முழம் எழும்பி, மறுபடியும் கட்டிலிலேயே விழுந்தார். வலி எங்கே என்று கேட்டதற்கு அதுவரை சரியாகப் பதில் சொல்லாமலிருந்தவர், இப்போது தெளிவாக நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

முரளீதரன் வாசலுக்கு ஓடிவந்தார். கேட்டுக்கு வெளியே ஒரே புகை. புகை விலக விலக முதலில் ஒரு டெம்போ தெரிந்தது. பிறகு டெம்போவின் மேல் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் தெரிந்தது. கடைசியாக, உச்சியில் கற்பூரம் எரியும் பூசணிக்காயைக் கையில் ஏந்தியபடி ஐயம்பேட்டை பூவராகவன் தெரிந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி செல்போன்.

பேனரில் இன்னொரு பூவராகவன் கைகூப்பி நின்றார். அவருக்குப் பக்கத்தில் சிவப்புக் கண்ணும் மார்பு நிறையப் பொத்தான்களுமாக ஒரு பொம்மை ரோபோ. அடியில், 'காஞ்சிக்கு ரோபோ தந்த வள்ளலே வருக' என்று கொட்டை எழுத்து.

வள்ளல் ரோபோ தரவில்லை. அது பெங்களூரிலிருந்து வந்தது. பணமும் இன்னும் தரவில்லை. தருவதாகச் சொல்லி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் சுகாசினி படியிறங்கி வந்து பூவராகவனின் வழியை மறித்தாள். வாலாஜாபாத் பெண். வாயைக் கொடுத்து அவளிடமிருந்து யாரும் மீண்டதில்லை.

"அண்ணா, இது ஆஸ்பத்திரி. மேல ஒரு குழந்தைய ரெண்டு மணி நேரமா ஆட்டி இப்பத்தான் தூங்க வெச்சாங்க. வந்து நீங்களே தூங்க வெச்சிட்டுப் போங்க."

"நல்ல காரியத்துக்கு சத்தம் வாணாமாம்மா? தள்ளு. ஆபரேஷன் தியேட்டர் வாசப்படில இத்த ஒடைச்சிட்டுப் போயிடறேன்."

தியேட்டரில் கிருமி கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கே பூசணிக்காய் உடைக்க முடியாது என்பதை முரளீதரன் பொறுமையாக விளக்கினார். பேச்சுவார்த்தை நடந்தது. கற்பூரம் கைவரை எரிந்து வந்துவிட்டதால் பூவராகவன் சீக்கிரமே இறங்கிவந்தார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பூசணிக்காய் உடைந்தது. உடைந்த மறுநிமிஷமே அவருடைய செல்போன் அலறியது.

"என்னாடா? மறுபடியும் ஹோஸா? நேத்துதானடா மாத்தினோம்," என்று கத்திக்கொண்டே பூவராகவன் டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

அவரிடம் மண் தோண்டும் பொக்லைன் மிஷின்கள் ஆறேழு ஓடிக்கொண்டிருந்தன. மிஷினின் கையை அசைக்கும் ஆயில் போகிற குழாய்தான் ஹோஸ். இருபது வருஷத்துக்கு முன் அடுத்தவர் மிஷினில் ஆபரேட்டராக உட்கார்ந்தவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் வரிசையாக வந்த அந்த வருஷங்களில், அவற்றுக்கு அஸ்திவாரக் குழி தோண்டித் தோண்டியே மேலே வந்துவிட்டார்.

ரோபோ விஷயம் இதுதான். பெங்களூரில் சில இளம் இன்ஜினியர்கள் சேர்ந்து ஆபரேஷனுக்கென்று ஒரு இயந்திரம் செய்திருந்தார்கள். வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. இது அதில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும் என்றார்கள். டாக்டர் அறையின் மூலையில் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு வளையங்களில் விரலை நுழைத்து அசைப்பார். நோயாளியின் வயிற்றில் போட்ட சின்னத் துளைகள் வழியாக இயந்திரத்தின் கைகள் அதே மாதிரி அசையும். இயந்திரத்துக்கு நான்கு கை. காஞ்சிபுரத்து நர்ஸுகளுக்கு எட்டுக் கைப் பெருமாளைத் தெரியும். அதனால் இதற்கு 'அரை அஷ்டபுஜம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் கையால் செய்வதைவிட இது உண்மையிலேயே மேலா? அது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரோபோவாலும் பாதிப் பேருக்கு வழக்கம்போல் கையாலும் சிறு துளை ஆபரேஷன் செய்து, யார் நன்றாகத் தேறுகிறார்கள் என்று ஆறு மாதம் கவனிப்பது. யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது. செய்தால் சுலபமான வயிறுகளை எல்லாம் ரோபோவுக்குக் கொடுத்து ஜெயிக்க வைத்துவிடலாம். அதனால் சீட்டுப் போட வேண்டும். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். போன் செய்தால் அங்கிருக்கும் பெண், 'ஏ' அல்லது 'பி' என்று சொல்வாள். 'ஏ' என்றால் ரோபோ. 'பி' என்றால் கை. சுகாசினி அதையும் ஊர் வழக்கத்துக்கு மாற்றிவிட்டாள். 'ஏ' விசைத்தறி, 'பி' கைத்தறி.

இயந்திரத்தை இன்ஜினியர்கள் சும்மா கொடுத்தார்கள். ஆராய்ச்சிக்குத்தான் செலவு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, நோயாளிகளுக்குக் காப்பீடு, திரும்ப வந்து காட்டிப்போக பஸ் செலவு, சுகாசினியின் சம்பளம். தீபாவளிக்குள் பணம் தேறவில்லையென்றால் இயந்திரம் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

முரளீதரன் பட்டுக்கடை பட்டுக்கடையாக ஏறி இறங்கினார். சின்ன காஞ்சிபுரத்தில் பரம்பரையாகப் பெருமாள் கோயிலில் முதல் தீர்த்தம் வாங்குகிற குடும்பம் என்பதால் எல்லா இடத்திலும் காபி கிடைத்தது. காபி முடிந்ததும் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி வந்தது. பேர் எங்கே எழுதுவது? ரத்தப் பரிசோதனையில் எழுத முடியாது. காப்பீட்டில் எழுத முடியாது. ஒரு முதலாளி, ஆடித் தள்ளுபடி முடிகிறவரை ரோபோவைக் கடை வாசலில் நிறுத்திப் புடவை பிரித்துக் காட்டச் சொல்ல முடியுமா என்று விசாரித்தார். இன்னொருவர் ஆபரேஷன் தியேட்டருக்கு ட்யூப் லைட் வாங்கித் தருகிறேன் என்றார். அவர் உபயம் செய்த ட்யூப் லைட்டுகளை முரளீதரன் கோயிலில் பார்த்திருக்கிறார். பேர் போக மீதி இருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும்.

அப்போதுதான் கால் சுளுக்கிய டிரைவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பூவராகவன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கதவிடுக்கில் இயந்திரத்தைப் பார்த்தார். உள்ளே நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பொக்லைன்தான் இது," என்றார். "ஆளு கேபின்ல, கை குழியில."

முரளீதரனுக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பூவராகவனை அந்த இருக்கையில் உட்காரவைத்தார். அவர் வளையத்தில் விரல் நுழைத்து, இயந்திரக் கையால் ஒரு திராட்சைப் பழத்தை எடுக்க முயன்றார். பழம் நசுங்கியது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. இதுக்குள்ள ஹோஸ் இருக்குதா? ஆயில் லீக்கானா எங்க போவும்? கரண்ட்டு போச்சுன்னா கை உள்ளேயே நின்னுடுமா? வெளிய எடுக்க யார் வருவா, பெங்களூர்லேந்தா? முரளீதரன் ஒவ்வொன்றுக்கும் உற்சாகமாகப் பதில் சொன்னார். ஹோஸ் இல்லை, ஆயில் இல்லை, கரண்ட் போனால் பேட்டரி உண்டு, அதுவும் போனால் ஒரு திருகைச் சுற்றிக் கைகளை வெளியே எடுத்துவிடலாம். இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் ஊரில் வேறு யாருமில்லை. போகும்போது பூவராகவனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஏசி வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று முரளீதரன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பேர் எழுதுகிற சிக்கலைச் சுகாசினி தீர்த்துவைத்தாள். ஆபரேஷன் முடிந்து வலி போன பிறகு யாரும் திரும்பி வந்து காட்ட மாட்டார்கள். ஊர் ஊராகப் போய் அவர்களைக் கூட்டிவர ஒரு வேன் வேண்டும். அந்த வேன் முழுக்க எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றாள். பூவராகவன் முதல் வருஷச் செலவை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். இரண்டாம் வருஷத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். அதைக் கொண்டாடத்தான் அந்தச் சரவெடி.

வம்பு, பேர் எழுதிய புது வேனை ஊர்வலமாகக் கொண்டுவந்த அன்று வந்தது. அதற்கு முந்தின வாரம் பூவராகவனுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை நிறையக் கல். "ஊருக்கே ஜல்லி அடிக்கிறவரு, வயித்துலயும் ஒரு லோடு எறக்கி வெச்சிருக்காரு," என்றாள் அவர் மனைவி லில்லி. அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், வேன் மேல் ஏறி நின்று மைக்கைப் பிடித்த பூவராகவன், ரோபோ செய்யும் முதல் ஆபரேஷன் தன்னுடையதுதான் என்று அறிவித்துவிட்டார். கூட்டம் விசிலடித்தது. ஐயம்பேட்டையிலிருந்து வந்த அவருடைய ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தோளில் தூக்கியதில் வலி இன்னும் அதிகமானது.

மறுநாள் முரளீதரன் அவரைத் தனியாக உட்காரவைத்துச் சீட்டு விஷயத்தைச் சொன்னார். உபயதாரராக இருந்தாலும் சீட்டில் எது விழுகிறதோ அதுதான். மயக்கம் கொடுத்த பிறகுதான் சீட்டு. இரண்டு வகையிலும் வயிற்றில் அதே நான்கு துளை, அதே பிளாஸ்திரி. எது நடந்தது என்று நோயாளிக்கு ஆறு மாதத்துக்குச் சொல்ல மாட்டோம். சொன்னால், ரோபோவால் செய்தது என்ற சந்தோஷத்திலேயே வலி இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

"வேண்டாம்னா நீங்க ஆராய்ச்சியில சேரவே வேண்டாம். சாதாரணமா கையாலயே பண்ணிடறேன்," என்றார் முரளீதரன்.

ஒரு கணம் பூவராகவனின் முகம் மலர்ந்தது. பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கேட்டருகே பேனர் இன்னும் கட்டியிருந்தது. முகம் பழையபடி ஆனது.

"ஊரே சிரிக்கும் டாக்டர். கோயில்ல உங்க வூட்டுக்கு மொத தீர்த்தம். எங்க அப்பா காலத்துல எங்களுக்குத் தேர் வர்ற தெருவுல நிக்கவே எடம் கெடையாது. இப்ப ஒரு எடத்துல நான் மொத ஆளுன்னு சொல்லிக்கினு நிக்கிறேன். அத்த விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

 முரளீதரன் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடியும் மூடினார். பூவராகவனே குரலைத் தணித்தார். சீட்டுதானே, எங்க தெருவுல அம்மன் முன்னால சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டா மூணு தடவை போடுவோம், அந்த மாதிரி மூணு தடவை போடுங்க என்றார். ஒரு தடவைதான் என்றார் முரளீதரன். பூவராகவன் எழுந்து நின்றார்.

"சரி. ரெண்டாம் வருஷத்த ஆபரேஷன் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்."

அதன் அர்த்தம் முரளீதரனுக்குப் புரிந்தது. ரோபோ கிடைத்தால் இரண்டாம் வருஷம் உண்டு. கை கிடைத்தால் இல்லை. இரண்டாம் வருஷம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி பாதியில் நிற்கும். பாதி ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடியது. அதன் தலைவர் திருப்பருத்திக்குன்றத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பரீட்சை ஹாலில் பேரப்பிள்ளையே உட்கார்ந்திருந்தாலும் பிட்டுப் பேப்பரைப் பிடுங்குகிறவர் என்று பேர் வாங்கியவர். பணம் கொடுத்தார் என்பதற்காக ஒருவரைச் சேர்க்கவும் கூடாது, விரட்டவும் கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சீட்டில் கை வைத்தால் மட்டும் தானே முன்னின்று ஆராய்ச்சியை இழுத்து மூடுவேன் என்றும் சொல்லிவிட்டு, சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சுகாசினி கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"சார், பூ கட்டிப் போடறப்ப ஒரு தடவை நாம நெனைச்சது வரலைன்னா, ஆத்தா வேற எங்கியோ பாத்துக்கினு இருந்துச்சுன்னு அர்த்தம். திரும்பப் போட்டா தப்பில்ல."

"அம்மன் வேற எங்கயாவது பார்க்கலாம். கம்ப்யூட்டர் நம்மளைத்தான் பார்த்துண்டிருக்கும்."

"அதுக்கு என் சம்பளத்தப் பத்தி என்னா சார் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோல்களை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

ஆபரேஷன் அன்று லில்லி நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்தாள். பூவராகவனின் ஆட்கள் திருநீறு பூசி அனுப்பிவைத்தார்கள். தியேட்டர் வாசலில் இரண்டையும் சுகாசினி துடைத்துவிட்டாள். படுத்த பிறகும் பூவராகவன் செல்போனை விடவில்லை. ஒரகடத்தில் மறுபடியும் ஹோஸ் வெடித்து, மிஷினின் கை குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். போனைப் பிடுங்கிய பிறகுதான் மயக்க மருந்து கொடுக்க முடிந்தது. "மெதுவா எடுங்கடா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே அவர் கண் சொருகினார்.

சுகாசினி பெங்களூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள். சரியாக அதே நேரம் பார்த்து வெளியே பெருமாள் புறப்பாடு தெருமுனை திரும்பியது. நாகஸ்வரமும் தவிலும் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தன. பெங்களூர்ப் பெண் நோயாளி எண்ணைக் கேட்டாள், சொன்னார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள், பொறுத்தார்கள்.

"பி," என்றாள்.

தியேட்டரில் எல்லோர் கண்ணும் முகமூடிக்கு மேலே முரளீதரனைப் பார்த்தன. மயக்க டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெளியே இந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று யார் சொன்னாலும் நம்பலாம், மறுபடியும் ஒரு தடவை கேட்டுவிடலாமே என்றார். பெங்களூர்ப் பெண் இன்னும் போனை வைக்கவில்லை. தவில் ஒரு சுற்று வாசித்து முடித்து அடுத்த சுற்றை ஆரம்பித்தது.

முரளீதரன் மேஜையில் படுத்திருந்த பெரிய வயிற்றைப் பார்த்தார். மூலையில் நான்கு கையையும் மடக்கிக்கொண்டு நிற்கும் அரை அஷ்டபுஜத்தைப் பார்த்தார். அதில் பயிற்சி செய்தே இரண்டு வருஷம் கழித்திருக்கிறார். வீட்டில் மனைவி வத்ஸலாகூட அதன் மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள். சுகாசினியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். நினைத்தபடியே பார்த்தும்விட்டார்.

"எனக்குக் கேட்டுது," என்றார். "கைத்தறி. மிஷின் மேல துணியைப் போடுங்க."

அன்று அவர் கை அபாரமாக வேலை செய்தது. இருபது வருஷ அனுபவத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு பித்தப்பையை எடுத்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

பூவராகவன் மூன்றாம் நாளே வீட்டுக்குப் போனார். நான்காம் நாளிலிருந்து சட்டையைத் தூக்க ஆரம்பித்தார். ஐயம்பேட்டை டீக்கடையில் தூக்கினார். வாலாஜாபாத் அரிசி மில்லில் தூக்கினார். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வரிசையில் வந்து அவர் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்ற நிபந்தனையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உபயதாரருக்குக் கைத்தறி விழும் என்று ஊரிலும் யாரும் நினைக்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு 'ரோபோ ஸ்டாப்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். கல் இல்லாதவர்களில் சிலருக்கு வருத்தம்.

ஒருநாள் கோயில் வாசலில் முரளீதரன் அகப்பட்டுக்கொண்டார். பூவராகவன் பத்துப் பேருக்கு நடுவில் சட்டையைத் தூக்கியபடி நின்றிருந்தார்.

"பாத்துக்கோங்கபா. மனுசன் கையால இப்படித் தச்சிட முடியுமா? டாக்டரையே கேளுங்க."

பத்துப் பேரும் முரளீதரனைப் பார்த்தார்கள். ஆராய்ச்சியின் விதிப்படி அவர் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. தன்னுடைய சொந்தத் தையலைப் பார்த்தபடி, தலையை ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மாதிரி ஆட்டிவிட்டு உள்ளே போனார். வீட்டில் வத்ஸலா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது வருஷத்தில் ஊர் மெச்சிய ஒரே ஆபரேஷன், அதையும் இன்னொருத்தர் செய்ததாக மெச்சுகிறார்கள் என்றாள். முரளீதரனால் சிரிக்க முடியவில்லை. ஆறாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சட்டையைத் தூக்கின மனிதரை உட்காரவைத்து, உங்களுக்குக் கிடைத்தது ரோபோ இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷத்துக் காகிதத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பங்குனியில் ஆறு மாதம் முடிந்தது. பூவராகவன் தன் பெயர் எழுதிய வேனிலேயே, முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார். சரவெடி இல்லை. பேனர் இல்லை. லில்லிகூட இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தம்.

சுகாசினி காகிதத்தை மேஜையில் வைக்கும்போது டாக்டரின் காதில் ஒன்று சொன்னாள். முதலில் கையெழுத்து, அப்புறம் செய்தி. வரிசையை மாற்றினால் தான் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். முரளீதரன் அவளைக் கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்.

அவள் போனதும் காகிதத்தைத் தன் பக்கமாக இழுத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. உங்களுக்கு ரோபோ விழலை. என் கையாலதான் பண்ணேன்."

 பூவராகவனின் வலது கை மெதுவாக வயிற்றுக்குப் போய் அங்கேயே தங்கியது.

"நிஜமாவா?"

"நிஜமா."

"நடுவுலகூட அந்த மிஷினு தொடலியே?"

"தொடவே இல்லை. மூலையில துணி போட்டு நிறுத்தியிருந்தது."

பூவராகவன் முகத்தில் ஒவ்வொரு தசையாகத் தளர்ந்தது. சட்டைப் பையில் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டாக்டரின் கைக்குக் கீழிருந்து காகிதத்தை உருவினார். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியில் மட்டும் எதையும் சொல்லிவிடக் கூடாது, ஊரைப் பொறுத்தவரை தன் வயிறு விசைத்தறிதான் என்றார். அந்த மிஷினை நம்பலாமா கூடாதா என்று யாராவது ஒருத்தர் ஒழுங்காகப் பார்த்துச் சொல்லித்தானே ஆக வேண்டும், ரெண்டு வருஷம் இல்லை, மூணு வருஷம் பாருங்கள் என்றும் சொன்னார்.

முரளீதரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படியானால் அன்றைக்கு மூன்று தடவை சீட்டுப் போடச்சொல்லி எதற்காகக் கேட்டீர்கள் என்றார்.

பூவராகவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கிட்ட இருக்கிற மிஷின்ல தெனம் ஒண்ணு ஹோஸு வெடிச்சிக்கினு நிக்குது, மூணுல ஒரு தடவையாவது கைத்தறின்னு விழாதான்னுதான் டாக்டர் கேட்டேன்."